விழா முடியட்டும்

பெர்னார்டுக்கு வாய் திறந்ததே கல்லூரிக்குப் போன பிறகுதான். அதற்கு முன்பு தஞ்சோங் பகார் துறைமுகக் குடியிருப்பில் அவரை 'லாசரஸ் வீட்டு ஊமை' என்பார்கள். ஊமையெல்லாம் இல்லை. நாலு பேர் சேர்ந்தாற்போலத் தன்னைப் பார்த்துவிட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அப்பா லாசரஸ் துறைமுகத்தில் சுமை தூக்கும் இயந்திரம் ஓட்டினார். அவரும் பேச்சுக்குக் கஞ்சர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து திரும்பும்போது அம்மா அல்போன்சம்மாள்தான் மூன்று பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டு வருவாள்.

தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பயிற்சியை முடித்துவிட்டு 1973இல் பெர்னார்ட் கல்லூரியில் சேர்ந்தார். கல்லூரி ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. மாலை வகுப்பு விட்டால் பெரிய சாலை வரைக்கும் இருட்டில் இறங்கி நடக்க வேண்டும். ஒரு மழை நாளில் அந்தச் சரிவில் ஒரு மாணவி வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது. மறுநாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆளாளுக்குக் கத்தினார்கள். யார் பேருந்து நிறுவனத்துக்குப் போய்ப் பேசுவது என்று தலைவர் கேட்டதும் கூட்டம் கப்பென்று அடங்கிவிட்டது.

பெர்னார்ட் கையைத் தூக்கினார். ஏன் தூக்கினார் என்று பிற்பாடும் அவருக்குத் தெரியவில்லை. விழுந்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர்களில் அவரும் ஒருவர். வலி தாங்காமல் அவள் பிடித்துத் திருகிய காது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதனாலும் இருக்கலாம். அந்தப் பெண்ணின் பெயர் பெட்டி. பின்னாளில் அவரையே கல்யாணம் செய்துகொண்டாள்.

பேருந்து நிறுவனத்தில் பல தடவை திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஒரு மேலாளர் உட்காரச் சொன்னார். பெர்னார்ட் திக்கித் திணறித்தான் பேசினார், ஆனால் நிறுத்தவில்லை. அடுத்த பருவம் தொடங்கியபோது ஒரு பேருந்து புகை கக்கிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தது. மாணவர்கள் வரிசையாக நின்று கைதட்ட, ஓட்டுநர் என்ன ஏதென்று புரியாமல் ஹார்ன் அடித்தார். பெர்னார்ட் கூட்டத்தின் பின்னால் போய் நின்று அழுதார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. சங்கச் செயலாளர், தமிழ் மன்றம், விடுதிக் குழு என்று மூன்று வருஷமும் ஓடினார். பாடத்தில் சுமார்தான். ஒரு பாடத்தில் தவறினால் மறுபடி எழுதிக்கொள்ள விட்ட காலம் அது. அப்படியும் இப்படியுமாகத் தேறிவிட்டார்.

கல்லூரியின் மாணவர் விவகார அலுவலகத்துக்குத் தலைவராக இருந்தவர் லிம். பட்டமளிப்பு முடிந்த கையோடு பெர்னார்டைக் கூப்பிட்டு, "மூணு வருஷமா மேசைக்கு அந்தப் பக்கம் நின்னு என்கூடச் சண்டை போட்டே. இனிமே இந்தப் பக்கம் உட்கார்ந்து போடு" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். கூடப் படித்தவர்கள் வங்கிக்கும் அரசாங்க அமைச்சுக்கும் போனார்கள். பெர்னார்ட் படித்த கல்லூரியிலேயே வேலைக்குச் சேர்ந்தார்.

வேலை பிடித்திருந்தது. விடுதி இடம், விளையாட்டு, மன்றங்கள், புதுமுக மாணவர் வரவேற்பு எல்லாம் அவர் கையில். ஒவ்வொரு ஆண்டும் புது மாணவர்கள் முன்னால் நின்று, "வகுப்புல உட்கார்ந்தா பட்டம் கிடைக்கும். நீங்க யாருன்னு அங்க தெரியாது. வெளிய வாங்க, வந்து ஏதாவது செய்ங்க" என்பார். மனப்பாடம் செய்து சொன்னதல்ல. தனக்கு நடந்ததைத்தான் சொன்னார். கூட்டத்தில் ஒதுங்கி நிற்கிற பிள்ளைகளை அவர் கண் தானாகவே தேடிப் பிடித்துவிடும். அப்படி இழுத்து வந்தவர்களில் எத்தனையோ பேர் நல்ல நிலைக்கு வந்தார்கள். தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும் தோ பாயோவில் இருந்த அவர் வீட்டில் கூட்டம் தாங்காது. பெட்டி கோப்பி கலக்கிக் கலக்கிக் களைத்துப்போவாள்.

எண்பதுகளில் கல்லூரி மாறிப்போயிற்று. அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் தவறுகிற மாணவரின் பெயர் நீக்கப்படும் என்று விதி வந்தது. மாணவர் கையேட்டில் அதை அச்சுக்குக் கொடுத்ததே பெர்னார்ட்தான். கொடுத்தாரே தவிர, புது மாணவர்களிடம் பேசிய பேச்சில் ஒரு வார்த்தையும் மாற்றிக்கொள்ளவில்லை.

அண்ணாதுரை 1984இல் வந்தான். பொறியியல் மாணவன். விரிவுரை மண்டபத்துக்குப் பின்னாலிருந்த படிக்கட்டில் உட்கார்ந்து பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து புளிச்சோறு தின்றுகொண்டிருந்தபோது பெர்னார்ட் அவனைப் பார்த்தார்.

"ஏன் இங்க தனியா சாப்பிடுறீங்க?"

எழுந்து நின்றுவிட்டான். "இங்க காத்து வருது சார்."

"உள்ள காத்தாடி சுத்துதே."

"உள்ள ஆளுங்க இருக்காங்க சார்."

பெர்னார்ட் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வாரமே தமிழ் மன்ற நாடகத்துக்கு நாற்காலி அடுக்க வரச் சொன்னார். அடுக்க வந்தவன் மேடை விளக்குகள் மங்கலாக இருப்பதைப் பார்த்துவிட்டு, தேக்காவில் பழைய இரும்புக்கடையிலிருந்து தகரத்தைக் கொண்டுவந்து வளைத்து, பல்புகளுக்குப் பின்னால் மாட்டினான். மேடை பளிச்சென்று ஆயிற்று. நாடகக்காரர்கள் அவனைச் சுற்றிக்கொண்டார்கள்.

அவனிடம் ஒரு குணம் இருந்தது. குழுவில் இரண்டு பேர் முட்டிக்கொண்டால் அவன் நடுவில் போய்ப் பேசாமல் நிற்பான். இவர் சொல்வதையும் கேட்பான், அவர் சொல்வதையும் கேட்பான். கொஞ்ச நேரத்தில் இருவருமே வெட்கப்பட்டு இறங்கி வந்துவிடுவார்கள். பெர்னார்டுக்கு அது கைவந்ததில்லை. அவர் கத்தித்தான் காரியம் சாதிப்பவர். ஒரே ஆண்டில் அண்ணாதுரை மன்றச் செயலாளர் ஆனான். சீன மாணவர்களும் மலாய் மாணவர்களும்கூட ஏதாவது சிக்கல் என்றால் 'அண்ணாவைக் கூப்பிடு' என்றார்கள்.

அவன் அப்பா துரைசாமி சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மாவு மில்லில் வேலை செய்தார். பஃபலோ ரோட்டில் மாடியறை ஒன்றில் வெகுகாலம் இருந்துவிட்டு, கட்டடத்தை இடித்ததும் ஈசூனில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனவர்கள். அம்மா சிவகாமசுந்தரி ஒரு நாள் அலுவலகத்துக்கே தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"சார், அண்ணாதுரை அம்மா பேசுறேன். எம்புள்ள குளிக்கறப்ப பாடுறான் சார். இத்தனை வருஷத்துல பாடுனதே இல்ல. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

பெர்னார்ட் அன்று முழுவதும் தரையில் கால் பாவாமல் நடந்தார். இதற்காகத்தான் இந்த வேலை என்று பெட்டியிடம் சொன்னார்.

இரண்டாம் ஆண்டில் எல்லா மன்றங்களும் சேர்ந்து பெரிய கலைவிழா ஒன்றை நடத்துவதென்று முடிவாயிற்று. லிம் ஓய்வு பெறப்போகிற ஆண்டு அது. அவருடைய நாற்காலி பெர்னார்டுக்குத்தான் என்று அலுவலகத்தில் பேச்சு. விழா நன்றாக நடந்தால் அந்தப் பேச்சு உறுதியாகும். விழாக் குழுவுக்கு அண்ணாதுரை தலைவன். வேறு யாருடைய பெயரும் யாருக்கும் தோன்றவே இல்லை.

விழாவுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது பருவத் தேர்வு முடிவு வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணாதுரை பெர்னார்டின் அறைக்கு வந்தான். கதவைச் சாத்திவிட்டு நின்றான்.

"சார், நான் விலகிக்கிறேன் சார்."

"எதுலேருந்து?"

"விழாக் குழுலேருந்து. மூணு பேப்பர் போயிடுச்சு சார். கணக்குல ரொம்ப மோசம்."

பெர்னார்டுக்கு விதி தெரியும். இன்னும் ஒரு பருவம் தவறினால் அவ்வளவுதான் என்று தெரியும். அதே சமயம் சுவரில் விழா நிகழ்ச்சி நிரல் தொங்கிக்கொண்டிருந்தது. அரங்கம் பேசியாயிற்று. சிறப்பு விருந்தினர் ஒப்புக்கொண்டாயிற்று. இவன் போனால் மன்றங்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடும்.

"இப்ப நீ விட்டா யாருப்பா எடுத்துச் செய்வாங்க? உன்னை நம்பித்தானே அத்தனை பேரும் இறங்கியிருக்காங்க? நான் படிச்சப்ப நானும்தான் பெயிலானேன். விழா முடியட்டும் லா. அப்புறம் நானே உன்னை லைப்ரரில கொண்டுபோய் உட்கார வைக்கிறேன்."

"அப்பா ஏதாவது..."

"அப்பாகிட்ட நான் பேசுறேன்."

அண்ணாதுரையின் முகம் மலர்ந்துவிட்டது. அதைத்தான் பெர்னார்ட் பின்னால் மறக்க முடியாமல் தவித்தார். பையன் முணுமுணுத்துக்கொண்டு போயிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவன் துள்ளிக்கொண்டு போனான்.

சொன்னபடி துரைசாமியை மில்லில் தொலைபேசியில் பிடித்தார். அந்தப் பக்கம் இயந்திரம் ஓடுகிற இரைச்சல். பெர்னார்ட் சொன்னதில் பாதிகூடக் காதில் விழுந்திருக்காது.

"நீங்க சொன்னா சரிங்க சார்! நீங்க பாத்துக்குங்க!" என்று துரைசாமி இரைந்து சொன்னார்.

விழா பிரமாதமாக நடந்தது. அப்படி ஒன்றைக் கல்லூரி அதற்கு முன் கண்டதில்லை. துரைசாமியும் சிவகாமசுந்தரியும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். துரைசாமி கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை அணிந்து, எங்கே சாய்ந்தால் கசங்கிவிடுமோ என்று நிமிர்ந்தே இருந்தார். கல்லூரி முதல்வர் மேடையில் அண்ணாதுரையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவன் கூட்டத்தில் பெர்னார்டைத் தேடிக் கண்டுபிடித்து அவரைப் பார்த்துச் சிரித்தான்.

விழா முடிந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தது தப்பாகப் போயிற்று. அரங்கத்தைத் திருப்பி ஒப்படைக்க வேண்டியிருந்தது. உதவியவர்களுக்கு நன்றி சொல்லப் போக வேண்டியிருந்தது. விழா மலர் அச்சாக வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் அண்ணாவைக் கூப்பிட்டார்கள், அவனும் போனான். பெர்னார்ட் லிம்முக்குப் பிரிவு விருந்து ஏற்பாடு செய்வதில் மூழ்கியிருந்தார். நூலகத்துக்கு அவனைக் கொண்டுபோய் உட்கார வைப்பதாகச் சொன்னது நினைவுக்கு வரும். நாளைக்கு என்று தள்ளிப்போடுவார். பிறகு தேர்வே வந்துவிட்டது.

அண்ணாதுரை நான்கு பாடங்களில் தவறினான்.

பெயர் நீக்க உத்தரவை எதிர்த்து அவன் முறையிட்டபோது, முறையீட்டுக் குழுவில் பெர்னார்ட் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வாக்கு இல்லை. மாணவர் பக்கம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் சொல்லலாம். இரண்டு நாளாகச் சாப்பிடாமல் யோசித்துவிட்டு வந்திருந்தார்.

"இந்த மாணவர் விலகுகிறேன் என்று என்னிடம் வந்தார். நான்தான் தடுத்தேன். விதி தெரிந்தே தடுத்தேன். தவறு என்னுடையது" என்றார்.

தன்னை வெளுத்து வாங்கப்போகிறார்கள் என்று பெர்னார்ட் எதிர்பார்த்தார். வேலை போனாலும் போகட்டும் என்று பெட்டியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். குழுத் தலைவராக இருந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவருக்கு இருபத்து மூன்று வயது. ராணுவப் பயிற்சி முடித்தவர். நீங்கள் அவர் கையையா கட்டிப்போட்டீர்கள், மிஸ்டர் பெர்னார்ட்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கோபமே இல்லை. கொஞ்சம் பரிவோடுகூடக் கேட்டார். "நல்ல மனசு உங்களுக்கு." பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "அடுத்த முறையீட்டை எடுங்கள்."

அவ்வளவுதான். முறையீடு தள்ளுபடியாயிற்று. அந்த மாதமே லிம்மின் நாற்காலி பெர்னார்டுக்கு வந்தது. நியமன உத்தரவில் கலைவிழாவைப் பாராட்டி இரண்டு வரி இருந்தது. பெட்டி அதை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

ஊரெங்கும் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த சமயம் அது. அண்ணாதுரை வேலை தேடி அலைந்தான். சில மாதம் கழித்துப் பெர்னார்டைத் தேக்காவில் ஒரு கோப்பிக்கடைக்கு வரச் சொன்னான். மெலிந்திருந்தான், ஆனால் முடியைப் படிய வாரி, சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டு, இன்டர்வியூவுக்கு வந்தவன்போல் உட்கார்ந்திருந்தான்.

"போன எடத்துலயெல்லாம் விழாவைப் பத்திதான் சார் சொன்னேன். நல்லா கேட்டுக்கிட்டாங்க. ஒருத்தர் நோட்ஸ்கூட எடுத்தாரு. அப்புறம் டிகிரி எப்ப முடியுதுன்னு கேட்டாங்க."

பெர்னார்ட் கோப்பியைக் கிண்டிக்கொண்டே இருந்தார்.

"சார், உங்க ஆபீஸ்ல ஏதாச்சும் இருக்குமா? கிளார்க் வேலைன்னாலும் பரவால்ல. நாற்காலி அடுக்குற வேலைன்னாலும் சரி. எனக்கு அங்க எல்லாம் தெரியும் சார். உங்கள மாதிரி வரணும்னுதான் நெனச்சிருந்தேன்."

"கேட்டுப் பாக்கிறேன்" என்றார் பெர்னார்ட். கேட்கவும் செய்தார். மேலே போய்ச் சண்டையே போட்டார். பெயர் நீக்கப்பட்ட மாணவரைக் கல்லூரி வளாகத்துக்குள் எந்த வேலையிலும் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒப்பந்தக்காரர் மூலமாகக்கூட முடியாது. அதே கோப்பிக்கடைக்குப் போய் அதை அவனிடம் சொன்னார்.

"சரி சார்" என்றான் அண்ணாதுரை. கோப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தான். பிறகு, "ஒண்ணு கேக்கவா சார்? நான் நல்லா செஞ்சேன் தானே? விழாவ?" என்றான்.

"உன்ன மாதிரி யாரும் செஞ்சதில்லப்பா."

உண்மையைத்தான் சொன்னார். பையன் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனான். சாலையைக் கடக்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. இனி அவன் தன்னைக் கூப்பிட மாட்டான் என்று பெர்னார்டுக்கு அப்போதே தோன்றிவிட்டது.

மறு ஆண்டு சிவகாமசுந்தரி கல்லூரிக்கே வந்துவிட்டாள். பெர்னார்டின் புது அறையில், பெரிய மேசைக்கு முன்னால், நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"கிடங்குல வேலைக்குப் போனான் சார். நின்னுட்டான். இப்ப ரூம விட்டே வரமாட்டேங்கிறான். டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போனோம், மருந்து குடுத்தாங்க. தூங்குறான். முழிச்சா சுவத்தப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கான். எங்ககூட ஒரு வார்த்த பேச மாட்டேங்கிறான்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க வந்து சொன்னா கேப்பான் சார். நீங்க சொல்லித்தானே அவன் எல்லாத்தையும் செஞ்சான்?"

அவள் குத்திக்காட்டவில்லை. அப்பாவியாக, நம்பிக்கையோடுதான் சொன்னாள். பெர்னார்டால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஈசூனுக்குப் பேருந்து ஏறினார். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் போனார். சாத்திய கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேசுவார். கல்லூரியில் புதிதாகக் கட்டுகிற கட்டடத்தைப் பற்றி, தமிழ் மன்றத்தைப் பற்றி, ஊர்ச் செய்திகளைப் பற்றி. பிறகு மன்றத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். பல பேரைப் பார்த்துக் கெஞ்சி, தொழிற்கல்லூரி ஒன்றில் மாலை நேர வகுப்பில் அவனுக்கு ஓர் இடம் வாங்கினார். அந்தச் செய்தியோடு போன அன்று அவர் குரலில் பழைய தெம்பு திரும்பியிருந்தது. "சாயங்காலம் மட்டும்தான் கிளாஸ். ரெண்டே வருஷம். யாரும் உன்ன எதுவும் கேக்க மாட்டாங்க. நான் கூட்டிக்கிட்டுப் போறேன், வா" என்றார். உள்ளே காத்தாடி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. வகுப்புத் தொடங்கிற்று. அவன் போகவில்லை. அந்த இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

"ஒவ்வொரு வாரமும் போய் என்னதான் செய்றீங்க?" என்று பெட்டி ஒரு நாள் கேட்டாள். பாசிர் ரிஸில் புது வீடு பார்க்கப் போகலாம் என்று அவள் பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு ஓய்வு.

"பேசுறேன்."

"அவனுக்காகவா, உங்களுக்காகவா?"

பெர்னார்ட் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வேலையிலும் அவர் பழைய ஆளாக இல்லை. புது மாணவர்களிடம் விதியைத்தான் முதலில் சொன்னார். ஒருவன் இரண்டு மன்றங்களில் பொறுப்பு ஏற்றால் கூப்பிட்டு ஒன்றை விடச் சொன்னார். 'பெர்னார்ட் சார் கடுகடுன்னு ஆயிட்டாரு' என்று பேசிக்கொண்டார்கள். தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் கூட்டம் வற்றிப்போயிற்று. அவர் தலைவரான முதல் ஆண்டில் பரீதா என்றொரு மாணவி, தரையைப் பார்த்துக்கொண்டே வந்து, நாடகத்தில் சேர வேண்டும் என்றாள். அதைச் சொல்லவே அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. "மொதல்ல மார்க் வரட்டும்மா, அப்புறம் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார். அவள் திரும்ப வரவே இல்லை. மூன்று வருஷம் கழித்து முதல் வகுப்பில் தேறினாள். பட்டமளிப்பு நாளில் எல்லோரும் கூட்டம் கூட்டமாகப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவள் அங்கியைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு தனியாக வாசலை நோக்கிப் போவதைப் பெர்னார்ட் பார்த்தார். கூப்பிட நினைத்தார். கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியவில்லை. சேர்த்தாலும் பாவம், விலக்கினாலும் பாவம் என்று ஒரு வேலை உண்டா என்று நினைத்துக்கொண்டு நின்றார். வேறு வேலையும் அவருக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஈசூனுக்குப் போனார். இப்போது அங்கே ரயில் வந்துவிட்டது. சிவகாமசுந்தரி அவரை 'சார்' என்பதை விட்டு 'தம்பி' என்று கூப்பிடத் தொடங்கி வெகுநாளாயிற்று. "வாங்க தம்பி" என்று நாற்காலியைக் கதவருகே இழுத்துப் போட்டாள். துரைசாமி தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தபடி தலையை மட்டும் ஆட்டினார். எப்போதும் அவர் அப்படித்தான். பெர்னார்ட் கதவைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசினார். அன்று அவருக்கே தான் என்ன பேசுகிறோம் என்று பிடிபடவில்லை.

புறப்பட்டபோது துரைசாமி எழுந்து கூடவே வெளியே நடைபாதைக்கு வந்தார். லிஃப்ட் வரை வந்தவர் பொத்தானை அழுத்தவில்லை.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க."

"சொல்லுங்க."

"இனிமே நீங்க வர வேணாம் சார்."

பெர்னார்ட் அவர் முகத்தைப் பார்த்தார். துரைசாமி எதிர் புளோக்குக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நீங்க வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்கு அவன் சோத்துல கை வைக்கமாட்டேங்கிறான். சனிக்கெழமையே தொடங்கிடுது. நீங்க வர்ற நேரமாச்சுன்னா சன்னலச் சாத்திக்கிறான். நீங்க கீழ எறங்கி, அந்த முனையில மருந்துக் கடை இருக்குல்ல, அதத் தாண்டிப் போனதுக்கு அப்புறம்தான் தெறக்கிறான். அவங்க அம்மாவுக்கும் தெரியும். சொல்ல மனசு வரல அவளுக்கு."

"நான் அவனுக்கு..." என்று பெர்னார்ட் தொடங்கினார்.

"தெரியும் சார். உங்க மேல எங்களுக்குக் கோவம் இல்ல. அவனுக்கும் இருக்காது. உங்க கொரலக் கேட்டா எந்திரிச்சு ஏதாச்சும் செய்யணும்னு தோணுது போல. முடியல. அதான் சார்." துரைசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். "மத்த நாள்ல, எப்பயாச்சும், வெளிய வந்து எம்பக்கத்துல உக்காந்து டிவி பாக்குறான். பேசமாட்டான். ஒரு பத்து நிமிசம். எங்களுக்கு இப்போதைக்கு அது இருந்தாப் போதும். அத நீங்க கெடுத்துடாதீங்க."

சிவகாமசுந்தரி வாசலுக்கு வந்தாள். பெட்டிக்கென்று முறுக்குச் சுட்டு ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். கணவர் சொல்லிவிட்டார் என்பதை முகத்திலேயே தெரிந்துகொண்டு, டப்பாவைப் பெர்னார்டின் கையில் வைத்து, ஒரு கணம் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருங்க தம்பி" என்றாள்.

லிஃப்ட் கீழே வந்தது. புளோக்கின் கீழ்த்தளத்தில் இரண்டு சீனக் கிழவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். பெர்னார்ட் அவர்களைத் தாண்டி வெயிலுக்கு வந்தார். நிமிர்ந்து பார்க்க வேண்டும் போலிருந்தது. எந்தச் சன்னல் என்று அவருக்குத் தெரியும். பார்க்கவில்லை.

மருந்துக் கடை இன்னும் தள்ளி இருந்தது. சன்னலைச் சாத்திய அந்த அறை இந்நேரம் எப்படிப் புழுங்கும் என்று நினைத்தார். நடையை எட்டிப்போட்டார். அதுவும் போதவில்லை. முறுக்கு டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பூசைக்குப் போட்டிருந்த சட்டையும் காலணியுமாக, அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், பார்க்கிறவர்கள் ஒதுங்கி வழிவிட, பெர்னார்ட் ஓடினார்.